கடலைப் பருப்பளவு சந்தனம்

சாவகச்சேரி
07.07.2024

அன்பு மகள் நிரோஜாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அம்மா சுகம், ஆடு சுகம், நானும் குறை சொல்லும்படி இல்லை. அந்த மலைக்குளிரில் நீ சளி பிடிக்காமல் இருக்கிறாயா?

போன் இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ சிக்னலுக்காகக் கோயில் மேட்டில் ஏறி நின்று எடுக்கிற பத்து நிமிடத்தில் ஒன்பதரை நிமிடம் அம்மாவுடையது. மிச்ச அரை நிமிடத்தில் நான் "சாப்பிட்டியே பிள்ளை?" என்பேன், நீ "ஓம்" என்பாய், லைன் அறுந்துவிடும். பெரிய செய்தியை அரை நிமிடத்துக்குள் அடக்க எனக்குத் தெரியாது. ஓ.எல். பரீட்சையில் கணக்குப் பாடத்தை மூன்று தரம் கோட்டை விட்டவன் நான்.

செய்தி இதுதான்: அப்பாவுக்கு வேலை கிடைத்துவிட்டது.

முழங்கால் மறுத்து, பருத்தித்துறையில் வள்ளங்களின் எஞ்சின் திருத்துவதை விட்ட நாளிலிருந்து நான் வீட்டில் எதற்குப் பயன்பட்டேன் என்று அம்மாவைக் கேட்டால் பட்டியல் சின்னதாகத்தான் வரும். இப்போது இங்கே பழைய அரிசி ஆலை நின்ற காணியில் ஒரு தொழிற்சாலை வந்திருக்கிறது. பஸ், வங்கி, ஆஸ்பத்திரிகளில் இருக்கிற கமராக்கள் பிடிக்கும் படத்தைத் தேக்கி வைக்க, சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு பெட்டி செய்கிறார்கள். டிரைவ் என்று பெயர். அங்கே நான் பதிவு அறைக் காப்பாளர். பெயரைப் பார்த்துப் பயப்படாதே. நானும் முதலில் பயந்துதான் போனேன்.

உள்ளே போவதென்றால் தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி, தொப்பி, முகமூடி, கையுறை. கண் மட்டும் வெளியே. திருநீறும் துடைக்க வேண்டும், தூசாம். பிறகு ஒரு சிறு அறையில் நிற்க வைத்து நாலு பக்கத்தாலும் காற்றடிப்பார்கள். ஐம்பத்தாறு வருசமாக இந்த உடம்பில் ஏறின உப்பும் எண்ணெயும் முப்பது விநாடிக் காற்றில் போகுமா? முதல் நாள் வாசலில் செக்கியூரிட்டி லெனாட் என்னை மேலும் கீழும் பார்த்து, "நாகலிங்கத்தார், உள்ளுக்கை நிக்கிறது நீர்தானோ, இல்லாட்டி வேறை ஆரையும் அனுப்பிப்போட்டீரோ?" என்றார்.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும். டிசம்பர் 31 வரை தவணைக்காலம். கழுத்தில் தொங்குகிற அட்டையில் ‘தற்காலிகம்’ என்று சிவப்பில் எழுதியிருக்கிறது. ஒழுங்காக நடந்தால் நிரந்தரம். இந்த வயதில் இதை விட்டால் இன்னொருவர் கூப்பிடப் போவதில்லை. ஆகவே நேர்த்தி வைக்கிற எண்ணம் இருந்தால் வை.

அம்மா ஞாயிற்றுக்கிழமை பேசுவா. எனக்கு அரை நிமிடம் ஒதுக்கு.

அன்புடன்,
அப்பா நாகலிங்கம்


பதுளை
21.07.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

சளி இருக்கிறது, குளிர் இருக்கிறது, அவற்றோடு நானும் இருக்கிறேன். உங்கள் முழங்கால் எப்படி?

கடிதத்தை ஆசிரியர் அறையிலேயே பிரித்துவிட்டேன். காற்றடிக்கிற இடம் வந்ததும் வாய்விட்டுச் சிரித்து, பாடசாலை அதிபரிடம் ஒரு பார்வை வாங்கினேன். என் வகுப்புப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேருக்கும், எங்கள் அப்பா விண்வெளி வீரர் மாதிரி உடுத்து வேலைக்குப் போகிறார் என்று சொன்னேன். "ரீச்சர், அப்ப அவரு சந்திரனுக்குப் போவாரா?" என்று ஒருத்தி கேட்டாள். சாவகச்சேரியில் இறங்கி நடப்பார் என்றேன்.

ஆனால் அப்பா, இரண்டு பக்கம் எழுதியும் உங்கள் வேலை என்னவென்று எழுதவில்லையே! எதைப் பதிகிறீர்கள்? எதைக் காக்கிறீர்கள்?

நேர்த்தி வைத்துவிட்டேன். எந்தக் கோயில், என்ன நேர்த்தி என்பதெல்லாம் நிரந்தரமான பிறகு.

உங்கள் அன்பு மகள்,
நிரோஜா


சாவகச்சேரி
04.08.2024

அன்பு மகள் நிரோஜாவுக்கு,

முழங்கால் தன்பாட்டில் நோகிறது, நான் என்பாட்டில் நடக்கிறேன். உன் சளிக்கு அம்மா மல்லித்தூள் பொதி ஒன்று அனுப்பியிருக்கிறா. குடிக்காமல் விட்டால் அவவுக்குத் தெரிந்துவிடும், எப்படி என்று கேட்காதே.

வேலை என்னவென்று முதல் இரண்டு கிழமை எனக்கும் தெரியாது. சுவர்ணா மிஸ்தான் விளங்கப்படுத்தினா. மனேச்சர் அவ. உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும்.

ஒவ்வொரு டிரைவுக்கும் பிறக்கும்போதே முதுகில் ஒரு புள்ளிச் சதுரம் ஒட்டுகிறார்கள். அதுதான் அதன் இலக்கம். ஆறு மேசை தாண்டி அது போக வேண்டும். மேசைக்கு மேசை ஸ்கானர் என்ற கருவி சிவப்பு வெளிச்சத்தால் அந்தச் சதுரத்தை வாசிக்கும். எத்தனை மணிக்கு வந்தது, எவர் கையில் வந்தது, சூடேற்றியபோது தாங்கியதா, எழுதின தகவலைப் பிழையில்லாமல் திருப்பித் தந்ததா, எல்லாம் என் அறையில் பூட்டிய கம்பியூட்டர்ப் பெட்டிக்குள் வந்து விழும். நாலு வருசம் கழித்து எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு டிரைவ் படுத்துவிட்டால் இலக்கத்தைச் சொன்னால் போதும், கூடப் பிறந்த சகோதரங்கள் எங்கெங்கே என்று தேடிப் பிடித்துவிடலாம். காலையில் ஸ்கானர்கள் சரியாக வாசிக்கின்றனவா என்று பரீட்சித்து, பின்னேரம் அன்றைய பதிவை இரண்டு பிரதி எடுத்து இரும்பு அலுமாரியில் பூட்டுவது என் வேலை. அலுமாரிக்கு இரண்டு திறப்பு. ஒன்று என்னிடம், மற்றது மிஸ்ஸிடம். ஒருவர் தனியே திறக்க முடியாது.

பெட்டிக்குள் விழுந்ததை எவராலும் அழிக்க முடியாது. முதலாளி வந்தாலும் முடியாது. பிழையென்றால் கீழே இன்னொரு வரி போட்டு, இன்னது பிழை, இது சரி, எழுதியவர் இன்னார் என்று தன் அட்டையைக் காட்டிப் பதிய வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் முந்தின வரியோடு முடிச்சு இருக்கிறதாம். மிஸ் அதை இங்கிலிசில் தொடங்கினா. "வலை மாதிரி எண்டு சொல்லுங்கோ மிஸ். ஒரு கண்ணை அறுத்தால் பக்கத்துக் கண் இளகிக் காட்டிக் குடுக்கும்" என்றேன். மிஸ் கொஞ்சம் யோசித்து, "அதேதான் அண்ணை" என்றா. அன்று முழுக்க முகமூடிக்குள் சிரித்துக்கொண்டு திரிந்தேன்.

சிரிப்பு அடுத்த நாள் போய்விட்டது. முதல் பதிவு போடச் சொன்னார்கள். எழுதத் தொடங்கினால் பிள்ளையார் சுழி போடாமல் எனக்குக் கை வராது. ‘உ’ என்று தட்டிவிட்டேன். அது போய் விழுந்துவிட்டது! இனி உலகம் அழியும்வரை அங்கேயே இருக்கும். மிஸ் தலையில் கை வைத்தா. கீழே, ‘மேலேயுள்ள உ தேவையற்றது – நாகலிங்கம்’ என்று திருத்தம் போட்டேன். பிள்ளையாரைத் தேவையற்றவர் என்று எழுதிக் கொடுத்த ஆள் இந்தக் குடாநாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வரும் வழியில் கோயிலில் இறங்கி ஒரு தேங்காய் உடைத்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அப்பா


பதுளை
25.08.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

மல்லித்தண்ணி குடித்தேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். இரண்டு நாள் குடித்தேன், மூன்றாம் நாள் குடிக்கவில்லை. உங்கள் பெட்டியைப் பற்றி வாசித்த பிறகு பொய் எழுதக் கை வரவில்லை.

பிள்ளையார் சுழிக் கதையை இங்கே மூன்று பேருக்குச் சொன்னேன். சங்கீத ரீச்சர் இருமி இருமிச் சிரித்தா. வகுப்பில் இப்போது ஒரு புது வழக்கம் தொடங்கியிருக்கிறது. கொப்பியில் பிழை விட்டால் அழிறப்பர் தொடுவதில்லை. கீழே சரியானதை எழுதிப் பெயர் போடுகிறார்கள். ஒருத்தன் ஏழாம் வாய்ப்பாட்டுக்கு ஒரு பக்கம் நிறையத் திருத்தம் எழுதிக் கையெழுத்தும் வைத்திருக்கிறான், கச்சேரியில் அரச அதிகாரி வைப்பது போல.

நவராத்திரிக்கு வர லீவு கிடைக்காது. அம்மாவுக்கு நீங்களே மெல்லமாகச் சொல்லுங்கள். மெல்லமாக என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு.

அன்பு மகள்,
நிரோஜா


சாவகச்சேரி
29.09.2024

அன்பு மகளுக்கு,

சாப்பாட்டுக்குப் பிறகுதான் சொன்னேன். அப்படியும் இரண்டு நாள் எனக்குப் பேச்சில்லை, நான்தான் உனக்கு லீவு தராத அதிபர் என்பது போல. இப்போது சரி. மழைக்கு முன்னம் கூரை ஓடு மாற்றியாயிற்று, வீடு வாசல் சுகம். உன் சுகத்தையும் எழுது.

ஆயுத பூசை வருகிறது. தொழிற்சாலையில் எல்லோரும் சேர்ந்து கேட்டோம். மிஸ், "கன்ரீனிலை வடிவாச் செய்யுங்கோ. ஆனால் உள்ளுக்கை ஒரு துளி சந்தனமும் போகக் கூடாது" என்றா. நியாயம்தான். ஒரு மயிர் விழுந்தாலே நூறு டிரைவ் வீண் என்பார்கள்.

நியாயமென்று எனக்கு விளங்குகிறது பிள்ளை, என் கைக்குத்தான் விளங்கவில்லை. இருபத்தைந்து வருசம் பருத்தித்துறையில் அந்த நாளில் ஒரு எஞ்சினுக்கும் பொட்டு வைக்காமல் விட்டதில்லை. அடுத்தவன் எஞ்சினுக்கெல்லாம் வைத்துவிட்டு, இந்த வயதில் எனக்குச் சோறு போடுகிற பெட்டியை மூளியாக விடுவதா? அம்மாவிடம் சொன்னேன். "மிஸ் வேண்டாமெண்டால் வேண்டாம். டிசம்பர் வரையாவது உங்கடை கையைப் பொக்கற்றுக்குள்ளை வைச்சிருங்கோ" என்றா.

அங்கிக்குப் பொக்கற் இல்லை என்பது அவவுக்குத் தெரியாது.

உனக்கு அவல் பொதி வரும்.
அப்பா


சாவகச்சேரி
15.10.2024

அன்பு மகள் நிரோஜாவுக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமென்று நினைக்கிறேன்.

கன்ரீனில் பூசை நன்றாக நடந்தது. கடலை, வடை, மோதகம், எல்லாம் கடைசி மேசைவரை போய்ச் சேர்ந்தது. லெனாட் ஐந்து மோதகம் சாப்பிட்டுவிட்டு ஆறாவதைப் பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஒரு பிள்ளையின் மேசையில் சிறு இலக்கப் பிசகு வந்தது. அதைப் பற்றிப் பார்க்கிறார்கள்.

மழை வரும்போலிருக்கிறது. வேறு விசேடம் இல்லை.

அப்பா


பதுளை
26.10.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகமா? இங்கே பனி. சங்கீத ரீச்சர் உங்கள் கடிதம் வந்ததா என்று கேட்டு, நான் காட்டியதும் "இவ்வளவுதானா?" என்று மற்றப் பக்கத்தையும் திருப்பிப் பார்த்தா.

ஆயுத பூசைக்கு உங்கள் கை என்ன செய்தது என்று நீங்கள் எழுதவேயில்லை. மோதகக் கணக்கு மட்டும்தான் வந்திருக்கிறது. முழங்கால் நோவோ? அல்லது தபாற்காரர் ஒரு தாளைச் சாப்பிட்டுவிட்டாரா?

தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு எடுப்பேன். ஒரு நிமிடம் உங்களுக்கு.

நிரோஜா


சாவகச்சேரி
06.11.2024

பிள்ளை நிரோஜாவுக்கு அம்மா கமலாவதி எழுதுவது.

எனக்கு எழுதப் பஞ்சி என்று உனக்குத் தெரியும். போனில் சொல்லலாமென்றால் ஆள் பக்கத்திலேயே நின்று கேட்கும். அதனால்தான் இது.

உன் அப்பா வேலையால் வந்தால் பேசாமல் இருக்கிறார். பகிடி இல்லை. இந்த மனிசனின் பகிடி ஒரு நாளைக்காவது நிற்காதா என்று எத்தனை வருசம் கேட்டிருப்பேன். நின்ற பிறகு வீடு வெறிச்சென்று கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நண்டு போட்டுக் கூழ் காய்ச்சினேன். ஒரு கோப்பையோடு எழும்பிவிட்டார். நண்டுக் காலைக்கூடத் தொடவில்லை.

இன்னொன்று. பூசையன்று காலமை சந்தனக் கிண்ணத்திலிருந்து ஒரு கிள்ளு எடுத்துப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு போனவர். ஆருக்கு என்று கேட்டேன். "லெனாட்டுக்கு" என்றார். லெனாட் சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரன், பிள்ளை.

நான் எழுதினதாகக் காட்டிக்கொள்ளாதே. மல்லித்தண்ணி குடி.

அம்மா


பதுளை
14.11.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் நலத்தை இந்தத் தரம் சும்மா மரியாதைக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே எப்படி இருக்கிறீர்கள்?

லெனாட் மாமா எப்போது சந்தனம் பூசத் தொடங்கினவர்?

கோபிக்காதீர்கள். உங்கள் ஒக்டோபர்க் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அதில் ஒரு கண் அறுந்திருக்கிறது. வாசலில் நிற்பவர் முதல் மோதகம் சாப்பிட்டவர் வரை எல்லோரையும் பெயர் சொல்லி எழுதுகிற நீங்கள், ‘ஒரு பிள்ளையின் மேசையில்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிள்ளைக்குப் பெயர் இல்லையா?

வேறொன்றும் எழுத வேண்டாம். அவள் பெயரை மட்டும் எழுதி அனுப்புங்கள்.

அன்பு மகள்,
நிரோஜா


சாவகச்சேரி
26.11.2024

அன்பு மகளுக்கு,

அவள் பெயர் றொசாந்தி.

நலம் விசாரிக்காமல் தொடங்கிவிட்டேன், பொறுத்துக்கொள். இங்கே வாசல்வரை வெள்ளம். ஆட்டை உன் அறையில் கட்டியிருக்கிறோம். உன் பழைய பௌதிகக் கொப்பியில் பாதி அதற்கு விளங்கிவிட்டது.

பூசையன்று காலை ஏழரைக்கு ஸ்கானர்களைப் பரீட்சித்தேன். எல்லாம் சரியென்று பதிந்தேன். ஏழு நாற்பதுக்கு, கையுறை விரலுக்குள் ஒளித்துக் கொண்டுபோன சந்தனத்தை எடுத்து என் பதிவுப் பெட்டிக்கு ஒன்று, அலுமாரிக்கு ஒன்று வைத்தேன். அதோடு நின்றிருக்கலாம். மூன்றாம் மேசை ஸ்கானர் சிவப்பு வெளிச்சத்தோடு என்னையே பார்த்தது. அதற்கும் ஒன்று வைத்தேன். நெற்றி எது என்று தேடினேன், நடுவில் ஒரு கண்ணாடி இருந்தது. அதுதான் நெற்றி என்று நினைத்தேன். பிள்ளை, அது கண்.

அந்த மேசை றொசாந்தியுடையது. கண்ணாடி அவளுக்கு மறுபக்கம், பொட்டு அவள் கண்ணில் படவில்லை. சதுரம் வாசிக்கப்படாவிட்டால் இலக்கத்தைக் கையால் தட்டலாம், அதற்குப் பதிவில் ‘கை’ என்று விழும். நாளுக்கு ஒன்று இரண்டுதான் வரும். அன்று மத்தியானம் என் திரையில் கை, கை, கை என்று அறுபத்து மூன்று கை! பாவம், அவசரத்தில் நாலு இலக்கம் பிழையாகத் தட்டிவிட்டாள். இன்னும் பிறக்காத டிரைவுகளின் இலக்கம் அவை. பெட்டி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. ஆயிரத்து நூற்று நாற்பது டிரைவ் தடுத்துவைப்பு.

றொசாந்தி மிஸ்ஸைக் கூப்பிடப் போன நேரம் பார்த்து நான் ஓடிப்போய்ச் சந்தனத்தைத் துடைத்தேன். துடைத்ததையும் பதியவில்லை. மிஸ் வந்து பார்த்தா. ஸ்கானர் ஏழரைக்குச் சரி, இப்போதும் சரி, அப்படியென்றால் பிழை பிள்ளையின் கையில்தானே? அவளைப் பொதி கட்டுகிற பக்கம் மாற்றினார்கள். நவம்பர் முடிவில் நிற்பாட்டப் போவதாகக் கதை வந்தது. பெட்டி பொய் சொல்லவில்லை. நான் வாயை மூடியிருந்ததால் அது அரைவாசி உண்மையைச் சொன்னது.

என் வாயை மூடியது அந்தச் சிவப்பு எழுத்து. டிசம்பர், டிசம்பர் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

உன் கடிதம் வந்த அடுத்த நாள் முதலில் அவளிடம் போனேன். மட்டைப் பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் புதுக் கண்ணாடி.

"இதென்ன பிள்ளை, கண்ணாடி?"

"என்ரை கண்ணிலைதான் பிழையாக்கும் எண்டு செக் பண்ணப் போனன் அங்கிள். டொக்டர் ஒண்டுமில்லை எண்டார். நான் விடேல்லை. சண்டை பிடிச்சு வாங்கினனான். அந்தோனியாருக்கும் நேத்தி வைச்சிருக்கிறன்."

"அந்தோனியாரைக் கரைச்சல்படுத்தாதை. அது நான்தான்."

சொன்னேன். அவள் கண்ணாடியைக் கழற்றி, என்னைப் பார்த்து, திரும்பப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "நீங்களோ அங்கிள்?" என்றாள். பிறகு அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு ஒரு மட்டைப் பெட்டியால் என் தோளில் அடித்தாள். அடி நியாயமானது.

மிஸ்ஸிடம் இரண்டு பேருமாகப் போனோம். மிஸ் ஒரு தாளை எடுத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டா. கடைசியாகக் கேட்டது இது:

"எவ்வளவு சந்தனம்?"

"கொஞ்சம், மிஸ்."

"கொஞ்சம் எண்டு பதியேலாது அண்ணை. உளுந்தளவோ, கடலையளவோ?"

"கடலைப் பருப்பளவு."

அடுத்த நாள் வீட்டிலிருந்து சந்தனம் கொண்டுவரச் சொன்னா. பழைய ஸ்கானர் ஒன்றை வெளி அறையில் வைத்து, அன்று வைத்த மாதிரியே பொட்டு வைக்கச் சொல்லி, நூறு டிரைவை வாசிக்க வைத்துப் பார்த்தா. முப்பத்தொன்று வாசிக்கவில்லை. என் பொட்டுக்கு இப்படி ஒரு சோதனை நடக்குமென்று நான் கனவிலும் நினைக்கவில்லை. பிறகு என் அட்டையைக் காட்டி, மிஸ் பார்த்திருக்க, நானே தட்டினேன்:

‘11.10.2024 காலை 7.40. மூன்றாம் மேசை ஸ்கானர்க் கண்ணாடியில் சந்தனம், கடலைப் பருப்பளவு. இட்டவரும் துடைத்தவரும் நாகலிங்கம். காரணம்: ஆயுத பூசை. றொசாந்தியின் கையில் பிழை இல்லை.’

தடுத்து வைத்த டிரைவுகளை வாசித்து, நாலுக்கும் சரியான இலக்கம் போட்டு விட்டுவிட்டார்கள். றொசாந்தி மேசைக்குத் திரும்பிவிட்டாள். என் கதைதான் முடியவில்லை. டிசம்பர் நடுவில் சாமான் வாங்குகிற கம்பனியின் ஓடிற்காரர், அதாவது பதிவுகளைச் சோதிக்கிறவர், வெளிநாட்டிலிருந்து வருகிறார். பதிவை வரிக்கு வரி வாசிப்பாராம். "அவை வாசிச்சு என்ன சொல்லுகினமோ, அதைப் பாத்துத்தான் உங்கடை விசயம்" என்றா மிஸ்.

இன்று கூழ் மூன்று கோப்பை. அம்மா ஏனோ உன்னைப் புகழ்கிறா.

அப்பா


பதுளை
05.12.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

வெள்ளம் வடிந்ததா? ஆடு எந்தப் பாடத்தில் நிற்கிறது?

உங்கள் கடிதத்தை ஒரே மூச்சில் வாசித்தேன். ‘பிள்ளை, அது கண்’ என்ற இடத்தில் சிரிப்பை அடக்க முடியாமல் வகுப்பை விட்டு வெளியே வந்துவிட்டேன். றொசாந்தி அடித்த தோளில் என் சார்பிலும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகு அவளுக்கு ஒரு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுங்கள்.

வேலை போனால் போகட்டும் என்று எழுத வந்தேன். எழுத மனமில்லை, போகக் கூடாது. ஓடிற்காரர் வருகிற அன்று கையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிரோஜா


சாவகச்சேரி
19.12.2024

அன்பு மகள் நிரோஜாவுக்கு,

வெள்ளம் வடிந்துவிட்டது, ஆடு இரசாயனம் தொடங்கிவிட்டது, நாங்கள் இருவரும் சுகம். நீ லீவில் வருவதற்குள் இந்தக் கடிதம் வந்துவிட வேண்டும் என்று தபாற்கந்தோரிலேயே நின்று எழுதுகிறேன்.

ஓடிற்காரர் என்று காத்திருந்தால் வந்தது ஒரு அம்மா. என் வயதிருக்கும். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துத் தொங்கவிட்டிருந்தா. இரண்டு நாள் வரிக்கு வரி வாசித்தா. முதல் நாள் ‘உ’விலே நின்று, இது என்ன என்று கேட்டா. மிஸ் யானை முகத்தைக் கையால் காட்டி விளக்கினா. அந்த அம்மா எழுதிக்கொண்டா.

இரண்டாம் நாள் என் வரிக்கு வந்தா. மிஸ் இங்கிலிசில் சொல்லச் சொல்ல, பேனையை மூடி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டா. மிஸ் நடுவில் நின்று மொழிபெயர்த்தா.

"அடுத்த வருசமும் வைப்பீங்களோ எண்டு கேக்கிறா அண்ணை."

முகமூடிக்கு மேலே மிஸ்ஸின் கண் ‘இல்லை எண்டு சொல்லுங்கோ’ என்றது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் றொசாந்தி தலையைப் பலமாக ஆட்டிக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அதுவும் ஒரு பதிவுதானே பிள்ளை? அடுத்த ஒக்டோபரில் இந்தக் கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

"ஓம் எண்டு சொல்லுங்கோ மிஸ். வைக்காமல் என்னாலை இருக்கேலாது. கண்ணிலை மட்டும் வைக்க மாட்டன்."

மிஸ் ஒரு பெருமூச்சு விட்டு அதையே சொன்னா. அந்த அம்மா ஏதோ கேட்டா, மிஸ் ஏதோ சொன்னா, இரண்டு பேரும் ஸ்கானரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். நான் அங்கியில் இல்லாத பொக்கற்றைத் தேடினேன். கடைசியில் மிஸ் திரும்பி வந்தா.

"அண்ணை, அவ சொல்லுறா, எப்பிடியும் நடக்கப் போற காரியமெண்டால் ஒளிச்சுச் செய்யக் கூடாதாம். எழுதி வைச்சு, எந்த இடம், எவ்வளவு, ஆர் பொறுப்பு எண்டு வடிவாச் செய்யட்டாம்."

அப்படியாக நாற்பத்தேழாம் இலக்கச் செயல்முறை பிறந்தது. தலைப்பு: பொட்டிடல். சுத்த அறைக்கு வெளியே, கண்ணாடிச் சுவரில், ஒவ்வொரு கருவிக்கும் நேராக ஒரு சிறு உருக்குத் தகடு பொருத்துவார்கள். அதில்தான் பொட்டு. அளவு கடலைப் பருப்பு, கூடினால் குற்றம். வைத்த நேரமும் துடைத்த நேரமும் பதிய வேண்டும். பொறுப்பு: நாகலிங்கம்.

அதில் ஒரு சிக்கல் வந்தது. தற்காலிக ஆள் ஒரு செயல்முறைக்குப் பொறுப்பாக இருக்க முடியாதாம். அது கம்பனியின் சட்டம். மிஸ் மணிக்கூட்டைப் பார்த்தா, அந்த அம்மா கையெழுத்துக்குக் காத்திருந்தா. தவணை முடிய இரண்டு கிழமைக்கு முன்னமே, அன்று பின்னேரம் மூன்று பத்துக்கு, என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள்.

பொறுப்பாளர் சுகமில்லாமல் நின்றால் செய்ய இன்னொருவரும் வேண்டுமாம். றொசாந்தி கையை உயர்த்தினாள். "நான் வேதக்காரி அங்கிள், எனக்குப் பொட்டு வைச்சுப் பழக்கமில்லை. ஆனால் உங்களை இனித் தனிய விடேலாது." ஆகவே இப்போது அவளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். பயிற்சியும் பதிவில் ஏறுகிறது. முதல் பொட்டு வழிந்துவிட்டது, இரண்டாவது தேறியது.

புது அட்டையில் என் படம் மீன் திருடிப் பிடிபட்ட ஆள் மாதிரி இருக்கிறது. பரவாயில்லை. வீட்டுக்குப் போய் நியமனக் கடிதத்தை அம்மாவுக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டினேன். மூன்றாம் தரம் வாசித்து முடித்து, "இவை என்னை அஞ்சரை மாசத்திலை நிரந்தரமாக்கிப்போட்டினம். நீர் என்னை நிரந்தரமாக்க எத்தினை மாசம் எடுத்தனீர்?" என்று கேட்டேன்.

"அவசரப்படாதையுங்கோ. நான் இன்னும் யோசிச்சுக்கொண்டிருக்கிறன்" என்றபடி அம்மா எனக்கு இன்னொரு அகப்பை சோறு போட்டா.

கெதியாக வா.

அப்பா நாகலிங்கம்
(நிரந்தரம்)